சுவர் சொன்னதும் செப்பேடு சொன்னதும்

பட்டெடுக்கக் காஞ்சிபுரம் வருகிறவர்கள் காமாட்சியம்மனையும் ஏகாம்பரநாதரையும் வரதராஜரையும் சேவித்துவிட்டுக் கடைத்தெருவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வைகுந்தப் பெருமாள் கோயிலுக்குள் வருகிறவர்கள் குறைவு. வருகிறவர்களும் மூன்று நிலை விமானத்தை அண்ணாந்து பார்த்து, கீழே வீற்றிருந்த கோலம், நடுவே பள்ளிகொண்ட கோலம், மேலே நின்ற கோலம் என்று அர்ச்சகர் சொல்லக் கேட்டு, துளசி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். என்னோடு யாராவது வந்தால் நான் அவர்களை விமானத்துக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்வேன். எதிரே சிங்கத் தூண்கள் வரிசை. அவற்றுக்குப் பின்னால் நிழலில், கோயிலை நான்கு பக்கமும் சுற்றி வருகிற சுவர். அந்தச் சுவர் முழுக்க மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் சிற்பக் கட்டங்கள்.

மணற்கல். ஆயிரத்து இருநூறு ஆண்டு மழையும் வெயிலும் பட்டு மூக்குகள் கரைந்துவிட்டன. பல இடங்களில் முகம் இருந்த இடம் வழவழப்பான மேடாக மட்டும் இருக்கிறது. ஆனாலும் யானை யானையாகத் தெரிகிறது. குடை குடையாகத் தெரிகிறது. ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், எதிரே கைகூப்பி வரிசையாக நிற்கிறார்கள். இன்னொரு கட்டத்தில் ஒருவன் தலையில் நீர் ஊற்றுகிறார்கள். அடுத்ததில் சண்டை. படக்கதை மாதிரி ஒன்றையடுத்து ஒன்றாக ஓடுகிறது. உண்மையிலேயே படக்கதைதான். எட்டாம் நூற்றாண்டில் ஒரு பல்லவ மன்னன், தான் எப்படி அரியணைக்கு வந்தேன் என்பதைக் கோயில் சுவரில் காட்சி காட்சியாகச் செதுக்கி, ஒரு பகுதிக்குக் கீழே எழுத்திலும் விளக்கம் வெட்டி வைத்தான். இரண்டாம் நந்திவர்மன், பல்லவமல்லன் என்று பெயர்.

அந்த எழுத்து சொல்லும் கதை இது. பல்லவ மன்னன் பரமேசுவரவர்மன் சொர்க்கம் போய்விட்டான். நாட்டுக்கு அரசன் இல்லை. ஆண்டு ஏறத்தாழ கி.பி. 731. மாத்திரர் எனப்பட்ட பெரியவர்களும், மூலப்பிரகிருதி எனப்பட்ட குடித்தலைவர்களும், காஞ்சியின் கல்விச்சாலையான கடிகையைச் சேர்ந்த கடிகையாரும் ஒன்றாகக் கிளம்பி, பல்லவர் குலத்தின் கிளை ஒன்றைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போகிறார்கள். அவன் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உங்களில் யார் போகிறீர்கள் என்று கேட்கிறான். சீமல்லன் மறுக்கிறான். இரணமல்லன் மறுக்கிறான். சங்கிராமமல்லனும் மறுக்கிறான். பல்லவமல்லன் வணங்கி, நான் போகிறேன் என்கிறான். அவனுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பன் தயங்குகிறான். தரண்டிகொண்ட போசர் என்ற பெரியவர் தேற்றிச் சம்மதிக்க வைக்கிறார். பையன் மலைகளையும் ஆறுகளையும் காடுகளையும் கடந்து வருகிறான். பல்லவடி அரையர் பெரும்படையோடு எதிர்கொண்டு யானைமேல் ஏற்றி அழைத்து வருகிறார். காஞ்சியில் சிற்றரசர்களும் நகரத்தாரும் மூலப்பிரகிருதியும் காடக்க முத்தரையரும் எதிர்வந்து வரவேற்கிறார்கள். நந்திவர்மன் என்ற பெயரில் முடிசூட்டுகிறார்கள். சமுத்திரகோஷம் என்ற வாத்தியம், கட்வாங்கக் கொடி, காளைச் சின்னம் ஆகியவை அவன் கைக்கு வருகின்றன.

இந்தப் பையன் கம்போடியாவிலிருந்து கப்பலேறி வந்தவன் என்று இன்று பலரும் பேசுகிறார்கள். கல்வெட்டு மலையும் ஆறும் காடும் சொல்கிறது, கடலைச் சொல்லவில்லை. நான் கல்வெட்டோடு நின்றுகொள்கிறேன்.

இவ்வளவையும் நாம் இன்று வரிசையாகச் சொல்ல முடிவதற்குப் பின்னால் ஒரு பெண்ணின் உழைப்பு இருக்கிறது. கடாம்பி மீனாட்சி. 1905-இல் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண். பல்லவர் காலத்து ஆட்சியையும் வாழ்க்கையையும் பற்றிய ஆய்வுக்காக 1936-இல் பெற்ற பட்டம் அது. இந்தச் சுவரைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, எழுத்துள்ள காட்சியை எழுத்தோடும் எழுத்தில்லாத காட்சியைச் செப்பேடுகளோடும் பொருத்தி அவர் எழுதிய நூலை இந்தியத் தொல்லியல் துறை 1941-இல் வெளியிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை. 1940-இலேயே, முப்பத்தைந்து வயதுகூட நிறையாமல், இறந்துவிட்டார். அந்தச் சுவருக்கு எதிரே நிற்கும்போதெல்லாம், தேய்ந்த ஒவ்வொரு முகத்தின் முன்னும் அவர் நின்றிருப்பார் என்ற நினைப்பு எனக்கு வராமல் இருந்ததில்லை.

கல்லெழுத்தைப் படிக்கும் விதமே தனி அழகு. கல்லைத் தேய்த்துக் கழுவி, ஈரத்தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் அடித்து அடித்துத் தாள் ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் இறங்கும்படி செய்வார்கள். பிறகு மையில் தோய்த்த பஞ்சுப்பொதியால் மேலே ஒற்றுவார்கள். மேடான இடம் கறுப்பாகும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். காய்ந்ததும் உரித்தெடுத்தால் கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்துகள். இதற்கு மைப்படி என்று பெயர். கண்ணால் பார்க்கும்போது வெறும் சொரசொரப்பாகத் தெரிந்த இடம் மைப்படியில் எழுத்தாக எழுந்து வரும்.

ரோம் நகரில் இந்தச் சுவருக்கு ஓர் உறவினர் இருக்கிறார். பேரரசர் திராஜனின் வெற்றித் தூண், கி.பி. 113-இல் எழுப்பியது. கீழிருந்து மேலாகத் தூணைச் சுற்றி ஏறும் சிற்பப் பட்டையை விரித்தால் ஏறத்தாழ 190 மீட்டர் நீளம். டேசியர்களோடு நடந்த போர் முழுவதும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டையில் ஓர் எழுத்து இல்லை. அந்தப் போரைப் பற்றித் திராஜனே எழுதிய நூலில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாக்கியம். அதனால் அந்தத் தூணில் பல காட்சிகளில் இடம் எது, ஆள் யார் என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். காஞ்சிச் சுவர் பேசுகிறது. ரோமத் தூண் காட்ட மட்டும் செய்கிறது.

தலைவர்களின் பேராசையையும் நன்றியையும் துரோகத்தையும் மேடையில் ஏற்றியவர்கள் ரோமானியர்கள். ஆனால் ரோம வரலாற்றைப் பொருளாகக் கொண்ட அவர்களுடைய நாடகங்களில் முழுதாக மிஞ்சியது ஒன்றுதான்: நீரோ தன் மனைவியைத் தள்ளிவைத்துக் கொல்வதைச் சொல்லும் ஒக்தாவியா. அதில் தத்துவ ஞானி செனெகாவே ஒரு பாத்திரமாக வந்து நீரோவுக்குப் புத்தி சொல்கிறார், நீரோ கேட்பதில்லை. காஞ்சியிலும் நாடகம் இருந்தது. நந்திவர்மனுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால் மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசம் காஞ்சித் தெருக்களில் நடக்கும் சிரிப்பு நாடகம். மண்டையோட்டைத் தொலைத்துவிட்டுத் தேடும் ஒரு காபாலிகனின் கதை. அரியணைக்கான போட்டியைப் பல்லவர்கள் நாடகமாக எழுதி வைத்தார்களா என்றால், நமக்குக் கிடைத்திருப்பது இந்தச் சுவர்தான். காட்சி, பாத்திரம், வசனம் மூன்றும் இதில் இருக்கின்றன.

ஒரு ரோமானியப் பையனை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். கி.மு. 44 மார்ச் 15. ஜூலியஸ் சீசரை அவரால் வாழ்வு பெற்றவர்களே குத்திக் கொன்றார்கள். உயிலைத் திறந்து பார்த்தால், அக்காள் வழிப் பேரனான ஒக்தாவியஸை மகனாக எடுத்துக்கொண்டிருக்கிறார். பையனுக்குப் பதினெட்டு வயது. கடலுக்கு அப்பால், இன்றைய அல்பேனியாவில் இருந்த அப்பொலோனியாவில் படித்துக்கொண்டிருந்தான். தாய் ஆட்டியாவும் வளர்ப்புத் தந்தை பிலிப்பஸும், இந்தச் சொத்து வேண்டாம், இது உயிரைக் குடிக்கும் என்று தடுத்தார்கள். அவன் போகிறேன் என்றான். போய் அகஸ்டஸ் ஆனான். இரணியவர்மன் தயங்கும் கட்டத்தின் முன் நிற்கும்போது எனக்கு அந்தத் தாயின் முகமும் கண்ணுக்கு வரும். பெற்றவர்களின் பயம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

அகஸ்டஸ் முதுமையில் தன் சாதனைகளைத் தானே எழுதினார். அதை ஊர் ஊராகச் சுவரில் வெட்டினார்கள். துருக்கியின் அங்காராவில் ஒரு கோயில் சுவரில் லத்தீனிலும் கிரேக்கத்திலும் இன்றும் இருக்கிறது. பத்தொன்பதாம் வயதில் என் சொந்தச் செலவில் படை திரட்டினேன் என்று தொடங்குகிறது. சீசரைக் கொன்ற புரூட்டஸ் பெயரோ, தன்னோடு முட்டி மோதிய அந்தோனியின் பெயரோ அதில் எதிரிப் பெயராக எங்கும் இல்லை. என் தந்தையைக் கொன்றவர்கள் என்பார்; ஆள் பெயரைச் சொல்ல மாட்டார்.

காஞ்சிச் சுவரின் எழுத்திலும் ஒரு பெயர் இல்லை. சித்திரமாயன்.

அந்தப் பெயர் நமக்குத் தெரிவதே ஒரு செப்பேட்டால்தான். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் உதயேந்திரம் என்ற ஊரில் கிடைத்த ஏடுகள். நந்திவர்மனின் 21-ஆம் ஆட்சியாண்டில், படைத்தலைவன் உதயசந்திரன் கேட்டுக்கொண்டபடி, 108 பிராமணர்களுக்கு ஓர் ஊரைத் தானமாகக் கொடுத்த பட்டயம். உதயசந்திரன் பூசான் குலத்தவன். காஞ்சியை ஒட்டி ஓடும் வேகவதி ஆற்றங்கரையில் இருந்த வில்வலநகரம் அவன் ஊர். தானம் என்னவோ ஓர் ஊர்தான். ஆனால் ஏடு நிறைய அவன் வீரம். தமிழ் மன்னர்கள் நந்திபுரத்தில் பல்லவமல்லனை முற்றுகையிட்டு அடைத்து வைத்திருந்தபோது ஓடிவந்து மீட்டான். சித்திரமாயன் முதலியவர்களைத் தன் வாளால் கொன்றான். நிம்பவனம், சூதவனம், சங்கரகிராமம், நெல்லூர், நெல்வேலி என்று ஊர் ஊராகப் போரிட்டு, நாட்டைத் திரும்பத் திரும்பப் பல்லவனுக்கு வென்று கொடுத்தான். சபர அரசன் உதயணனை நெல்வேலிப் போரில் வீழ்த்தினான். மண்ணைக்குடியில் பாண்டியப் படையைச் சிதறடித்தான்.

சுவரைப் பார்த்தால், எல்லோரும் கூடிப் போய் அழைத்து வந்த பையன், எல்லோரும் எதிர்கொண்டு வரவேற்ற பையன். ஏட்டைப் பார்த்தால், முற்றுகையில் சிக்கித் தவித்த அரசன், அவனுக்கு எதிராக இன்னொரு உரிமைக்காரன், அவன் பக்கம் நின்ற தமிழ் மன்னர்கள். அழைத்து வந்தவர்கள் எல்லோரும் இல்லை. அந்த நாட்டில் பாதிப்பேர் வேறு பக்கம் நின்றிருக்க வேண்டும். சித்திரமாயன் இறந்துபோன பரமேசுவரவர்மனின் நேர் வழியில் வந்தவன், ஒருவேளை மகனே, என்று பல வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

அப்படியானால் யார் யாருக்குத் துரோகம் செய்தது?

இந்த இடத்தில் ஏடுகளில் ஒரு முரண் இருக்கிறது. எனக்கு இந்த முரண்தான் மொத்தக் கதையின் உயிர்நாடி. காரைக்கால் அருகே காசாக்குடியில் கிடைத்த செப்பேடு நந்திவர்மனின் 22-ஆம் ஆண்டு. அது, பல்லவர் குலத்தைப் பிரமனில் தொடங்கி அசுவத்தாமன் வழியாகக் கொண்டுவந்து, நந்திவர்மன் சிம்மவிஷ்ணுவின் தம்பி பீமவர்மனின் வழியில் ஆறாம் தலைமுறை என்று சொல்கிறது. குடிகளால் தேர்ந்தெடுக்கப்பட்டவன் என்றும் சொல்கிறது. சுவரோடு ஒத்துப்போகிறது. அதற்கு ஒரே ஆண்டு முந்திய உதயேந்திர ஏடு, நந்திவர்மனைப் பரமேசுவரவர்மனின் மகன் என்கிறது. உதயேந்திர ஏட்டின் எழுத்துருவம் பிந்திய காலத்தது போலத் தெரிவதால், அது பழைய பட்டயத்தின் பிற்காலப் பிரதி என்பாரும் உண்டு. பிரதியாகவே இருந்தாலும், மகன் என்ற சொல்லை யாரோ ஒருவர் வேண்டுமென்று எழுதியிருக்கிறார்.

ஏன்? என் மனத்தில் படுவதைச் சொல்கிறேன். அரசனுக்குத் தேவைப்பட்டது ஊரார் சம்மதம். குலத்தின் பக்கக் கிளையில் வந்தவனுக்கு அதுதான் உரிமைச் சான்று. அதனால் காட்சிக்குக் காட்சி அழைத்தவர்களையும் வரவேற்றவர்களையும் சுவரில் நிறுத்தினான். படைத்தலைவன் குடும்பத்தின் நிலை வேறு. அவன் கை ஒரு பல்லவ இளவரசனைக் கொன்ற கை. நந்திவர்மன் வெளியிலிருந்து வந்தவன் என்றால், கொன்றது சொந்த அரசவம்சத்தின் வாரிசை, அது ராஜத்துரோகம். நந்திவர்மனே பரமேசுவரவர்மன் மகன் என்றால், கொன்றது ஒரு கலகக்காரனை, அது கடமை. மகன் என்ற ஒரு சொல்லில் உதயசந்திரனின் விசுவாசம் முழுவதும் தொங்குகிறது.

தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைப் பிணைப்பதைக் காஞ்சியின் நெசவுப் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒரு பாவு நெய்து முடியும்போது கடைசித் துண்டை அப்படியே தறியில் விட்டுவிடுவார்கள். அதன் இழைகள் விழுதுகளுக்குள்ளும் அச்சுக்குள்ளும் ஓடியபடி இருக்கும். புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய பாவின் ஒவ்வொரு இழை நுனியோடும் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு, ஒரு முறுக்கு. முடிச்சு கிடையாது, முறுக்கு மட்டும். ஆயிரக்கணக்கான இழைகள். பிணைக்கிறவர் பேச்சுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருப்பார், விரல் நிற்காது. எல்லாம் முடிந்ததும் பிணைப்பை மெதுவாக விழுதுகளுக்கும் அச்சுக்கும் ஊடே இழுத்துக் கடத்திவிட்டால், தறியை மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டிய வேலையே இல்லை. எங்கேயாவது நாலைந்து இழை முறுக்கு விட்டால் அங்கே மட்டும் துணியில் ஓட்டை விழும்; பிறகு அதைத் தேடித் தேடி எடுத்துக் கட்ட வேண்டும்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போதுதான் சுவரில் உள்ள கூட்டம் எனக்கு விளங்கியது. மாத்திரர், மூலப்பிரகிருதி, கடிகையார், நகரத்தார், முத்தரையர் என்று ஒவ்வொரு பெயராக ஏன் அடுக்கியிருக்கிறார்கள்? நாடு என்ற தறி அப்படியே நின்றது. அதன் விழுதும் அச்சும் இவர்கள். வேறு கிளையில் திரித்த புதுப் பாவைப் பழைய பாவோடு பிணைத்தவர்களும் இவர்களே. ஒவ்வொரு பெயரும் ஒரு முறுக்கு. சித்திரமாயன் முறுக்கு விட்ட இழை.

ரோமிலும் ஒரு உதயசந்திரன் உண்டு. அக்ரிப்பா. ஒக்தாவியஸோடு ஏறத்தாழ ஒத்த வயது. அப்பொலோனியாவிலேயே கூட இருந்தவன். கி.மு. 36-இல் நவுலோகஸ் கடற்போரை வென்று கொடுத்தான். கி.மு. 31-இல் ஆக்டியத்தில் அந்தோனியையும் கிளியோபாட்ராவையும் முறியடித்த கடற்படை அவன் கையில் இருந்தது. வெற்றி ஊர்வலம் கொடுத்தபோது வேண்டாமென்றான். படை முழுவதும் தன் சொல்லுக்கு ஆடும்போது அரியணையைப் பக்கத்தில் இருந்தே பார்த்துக்கொண்டு நிற்பது எளிதில்லை. பின்னாளில் ரோமின் அரண்மனைக் காவல்படை என்ன செய்தது என்று பாருங்கள்: கி.பி. 41-இல் காலிகுலாவைக் கொன்றவர்கள் அதன் அதிகாரிகள்தான், கி.பி. 193-இல் பேரரசையே ஏலம் விட்டார்கள், திதியஸ் ஜூலியானஸ் என்பவர் எடுத்தார், இரண்டு மாதம் போல இருந்து செத்தார். அரசனை உண்டாக்கும் வலிமை உள்ளவன் அரசனாகாமல் இருப்பது வரலாற்றில் அபூர்வம்.

அக்ரிப்பாவின் பெயர் ரோமில் பாந்தியன் கோயில் முகப்பில் பெரிய எழுத்தில் இருக்கிறது. அவன் கட்டிய கோயில் எரிந்துபோய், அவன் கட்டி ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டு கழித்துப் பேரரசர் ஹாத்ரியன் புதிதாகக் கட்டியபோது, தன் பெயரைப் போடாமல் அக்ரிப்பா பெயரையே திரும்ப வெட்டினார். உதயசந்திரனின் பெயர் எங்கே இருக்கிறது தெரியுமா? அவன் கேட்டு வாங்கிய ஊருக்கு உதயசந்திரமங்கலம் என்று பெயர் வைத்தார்கள். சந்திரனுக்கு இந்து என்றும் பெயர். அது உதயேந்துமங்கலம் ஆயிற்று. அதுதான் இன்றைய உதயேந்திரம். அந்த ஊர்ப் பெயரைச் சொல்லும் ஒவ்வொருவர் வாயிலும் அந்தப் படைத்தலைவன் பெயர் தினமும் வந்துகொண்டிருக்கிறது.

துரோகி என்ற சொல்லையே நம் கல்வெட்டுகள் சொல்லும் இடம் ஒன்று உண்டு. காட்டுமன்னார்கோயில் அருகே உடையார்குடியில், ராஜராஜனின் 2-ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.பி. 987. பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரின் நிலங்களும் உறவினர் நிலங்களும் பறிமுதலாகி விற்கப்பட்ட செய்தி. பொன்னியின் செல்வன் படித்த ஒவ்வொருவருக்கும் தெரிந்த பெயர்கள். சோழ அரசு அவர்களைத் துரோகிகள் என்று கல்லில் வெட்டியது. அவர்கள் பக்கத்து வாக்குமூலம் ஓர் எழுத்துகூட இல்லை. ரோமில் புரூட்டஸுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்தது. சீசரைக் கொன்ற பிறகு படை திரட்டிக்கொண்டு கிழக்கே இருந்தபோது, அவன் ஒரு வெள்ளிக்காசு அடித்தான். ஒரு பக்கம் அவன் முகம். மறுபக்கம் இரண்டு குத்துவாள்கள், நடுவில் விடுதலை பெற்ற அடிமை அணியும் குல்லாய், கீழே அந்த மார்ச் நாளின் பெயர். உள்ளங்கைக்குள் அடங்கும் காசு. ஒரே செயல், அகஸ்டஸின் சுவரில் கொலை, புரூட்டஸின் காசில் விடுதலை.

பல்லவர்களின் முடிவிலும் இதே கேள்விதான். சோழர்கள் பல்லவர்க்குக் கீழ்ப்பட்டவர்களாக இருந்தார்கள். திருப்புறம்பியம் போரில் ஆதித்த சோழன் அபராஜித பல்லவன் பக்கம் நின்றான். பிறகு அதே அபராஜிதனைக் கொன்று தொண்டைமண்டலத்தை எடுத்துக்கொண்டான். யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து கொன்றான் என்று வீரராஜேந்திரனின் கன்னியாகுமரிக் கல்வெட்டு பெருமையோடு சொல்கிறது. அதைத் துரோகம் என்று எழுத அன்றைக்குப் பல்லவர் பக்கத்தில் கல்லும் இல்லை, கல் வெட்டச் சொல்லும் அரசனும் இல்லை.

நந்திவர்மன் கதை அதிசயமாக எனக்குப் படுவதற்குக் காரணம் இதுதான். இங்கே பகைவர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பாண்டியரின் வேள்விக்குடிச் செப்பேடு இதே பல்லவமல்லனைத் தோற்கடித்து அவன் யானைகளையும் குதிரைகளையும் பிடித்ததாகச் சொல்கிறது. சாளுக்கியரும் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். பல்லவர் கல்வெட்டுகளில் ஆட்சியாண்டுதான் இருக்கும்; 21, 22 என்று. அது நம் நாட்காட்டியில் எந்த ஆண்டு என்று அவர்கள் எங்கும் சொல்வதில்லை. சாளுக்கியர் சக ஆண்டு போட்டு எழுதுவார்கள். கேந்தூர்ச் செப்பேடு சகம் 672, அதாவது கி.பி. 750. வக்கலேரிச் செப்பேடு சகம் 679, கி.பி. 757. இரண்டும் இரண்டாம் விக்கிரமாதித்தன் நந்திபோதவர்மன் என்று அவர்கள் அழைக்கும் இதே பல்லவனை வென்று காஞ்சிக்குள் நுழைந்ததைச் சொல்கின்றன. பல்லவனின் காலத்தை நாம் கணிப்பது பகைவனின் கடிகாரத்தைப் பார்த்துத்தான்.

அந்த ஏடுகள், விக்கிரமாதித்தன் போர்க்களத்தில் பறித்த பொருள்களைப் பட்டியல் போடுகின்றன. யானைகள், மாணிக்கங்கள். அவற்றோடு சமுத்திரகோஷம் என்ற வாத்தியம், கட்வாங்கக் கொடி. முதன்முறை அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து நின்றேன். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில், பன்னிரண்டு வயதுப் பையனுக்கு முடிசூட்டும்போது கையில் கொடுத்த அதே சமுத்திரகோஷம், அதே கட்வாங்கக் கொடி. ஒருவருக்கொருவர் பகைவரான இரண்டு சாட்சிகள், முந்நூறு கல்லுக்கு மேல் இடைவெளியில், ஒரே பொருளைச் சொல்கிறார்கள்.

நகரத்துக்குள் நுழைந்த பகைவன் என்ன செய்திருக்கலாம் என்பது எல்லோருக்கும் தெரியும். கி.பி. 642-இல் நரசிம்மவர்ம பல்லவன் சாளுக்கியரின் வாதாபியைப் பிடித்து, அங்குள்ள பாறையிலேயே தன் வெற்றியை வெட்டி வைத்தான். அந்த வடு ஒரு நூற்றாண்டாகச் சாளுக்கியர் மனத்தில் இருந்தது. காஞ்சியை மூன்று முறை வென்றதன் நினைவாக விக்கிரமாதித்தனின் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் ஒரு சிவன் கோயிலே எழுப்பினாள். அந்த மனிதன் காஞ்சிக்குள் வந்தான். ஊரை அழிக்கவில்லை.

பிள்ளையார்பாளையத்துத் தறிச்சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டிப் போனால் கைலாசநாதர் கோயில். ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுற்றிலும் உள்ள சிறு சன்னதிகளில் அவனுடைய விருதுப் பெயர்கள் நூற்றுக்கணக்கில் அழகு அழகான எழுத்தில் இருக்கும். எல்லோரும் அவற்றைத்தான் படமெடுப்பார்கள். மண்டபத்துத் தூண் ஒன்றின் பின்பக்கம், பார்வைக்கு எளிதில் படாத இடத்தில், சில வரிகள் கன்னடத்தில் இருக்கின்றன. விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்று, இந்தக் கோயிலான ராஜசிம்மேசுவரத்தின் செல்வத்தைப் பார்த்து, எடுத்துக்கொள்ளாமல் இறைவனுக்கே திரும்பக் கொடுத்தான் என்று அந்த வரிகள் சொல்கின்றன.

பிறகு நந்திவர்மன் காஞ்சியைத் திரும்பப் பெற்றான். அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டான். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரைச் செதுக்க ஆளும் உளியும் அவனிடம் இருந்தன. அந்தத் தூண் அவன் ஊரில், அவன் குலத்தின் பெரிய கோயிலில், அவன் தோல்வியைச் சொல்லிக்கொண்டு நின்றது. ஒரு கல்தச்சனை அனுப்பிச் செதுக்கிவிடச் சொன்னால் அரை நாள் வேலை. இன்று வரை அந்த எழுத்து அப்படியே இருக்கிறது.

கல்வெட்டுகளின் முடிவில் சாபம் எழுதுவது வழக்கம். இந்த எழுத்தை அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்பதுபோல. விக்கிரமாதித்தனின் ஆட்கள் காஞ்சிக்கென்று ஒரு சாபம் தேடியிருக்கிறார்கள். இதை அழிப்பவர்கள், இந்த நகரத்துக் கடிகையாரைக் கொன்றவர்கள் போகும் உலகத்துக்குப் போவார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். கடிகையார். மலையும் காடும் தாண்டிப் போய் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனைக் கூட்டிவந்தவர்கள்.